பொருத்தம் பார்த்தவர்கள்: ஒரு ‘இ’ காணாமல் போன வரலாறு

தமிழ்க் கணிப்பொறியின் வரலாறு இதுவரை மாநாடுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1997 சிங்கப்பூர், 1999 சென்னை, 2000 மறுபடி சிங்கப்பூர், 2010 கோவை என்று ஊர்ப்பெயர்களை அடுக்கினால் வரலாறு முடிந்துபோகும். அறிஞர்கள் கூடினார்கள், குறியீட்டு அட்டவணை ஒன்றை முடிவு செய்தார்கள், அரசாணை வந்தது, தமிழ் அடுத்த நூற்றாண்டுக்குள் நுழைந்தது. இந்தச் சொல்லாடலுக்குள் வராத ஓர் இடம் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் மிஷினுக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கும் நடுவே பலகை வைத்துத் தடுத்த பத்துக்குப் பத்து அறை. அந்த அறையில் மின்விசிறியைக் கணிப்பொறியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வியர்வையோடு உட்கார்ந்து, தமிழ்நாட்டின் கல்யாணப் பத்திரிகைகளையும் கண்ணீர் அஞ்சலிகளையும் கிரயப் பத்திரங்களையும் துண்டுப் பிரசுரங்களையும், ஏன், நம்முடைய சிறுபத்திரிகைகளையும் அடித்துக் கொடுத்த பெண்களைப் பற்றி அந்த வரலாற்றில் ஒரு பாராகூட இல்லை.

நான் கேட்க விரும்பும் கேள்வி சின்னது. ஒரு கணிப்பொறியின் இயங்குதளத்தை, அதாவது விண்டோஸ் 98, எக்ஸ்பி என்று பெயர் சொல்கிறோமே அதை, மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரல்களும் எழுத்துருக்களும் ஃபைல்களும் புதியதில் ஓடுமா என்று பார்க்க வேண்டும். வியாபாரிகள் இதைக் ‘கம்பேட்டிபிலிட்டி’ என்பார்கள். நம்ம பேச்சில் பொருத்தம் பார்ப்பது. தமிழைப் பொறுத்தவரை இந்தப் பொருத்தத்தைப் பார்த்தது யார்? பார்க்காமல் விட்டதில் இழந்தது யார்? இப்படிக் கேட்டால் மேற்சொன்ன மாநாட்டு வரலாறு கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும் என்று நினைக்கிறேன்.

*

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிற வழியில் இருக்கிறது சேந்தமங்கலம். மலையிலிருந்து மிளகும் பலாவும் அன்னாசியும் இறங்கும். கீழேயிருந்து அதிகாரிகளும் வட்டிக்காரர்களும் ஏறுவார்கள். 1996-ல் நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து அங்கே ஒரு டி.டி.பி. கடை போட்டேன். இயக்க வேலைக்கு ஒரு தளம் வேண்டும், பிழைப்புக்கும் ஒரு வழி வேண்டும், இரண்டும் ஒரே அறையில் கிடைத்தால் நல்லது என்பதுதான் திட்டம். முதல் யோகம் அடுத்த வருடமே வந்தது. 1997 ஜனவரி 1-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. கோழிப்பண்ணை, தீவனக் கடை, லாரி புக்கிங் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எல்லோருடைய லெட்டர்ஹெட்டிலும் பில் புத்தகத்திலும் ‘சேலம் மாவட்டம்’ என்பதை எடுத்துவிட்டு ‘நாமக்கல் மாவட்டம்’ என்று போட வேண்டியிருந்தது. ஒரு சொல்லை மாற்றியே மூன்று மாதம் கடை ஓடியது. அரசு ஒரு கோடு கிழித்தால் அதற்கேற்பத் தாள்களைத் திருத்துகிற செலவு யார் தலையில் விழுகிறது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. வருமானம் வந்ததால் யோசிக்கவில்லை என்பதே உண்மை.

கடையில் ஆபரேட்டராக இருந்த பெண் நாமக்கல்லில் டைப்ரைட்டிங் படித்து, தமிழில் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணியவர். இது முக்கியம். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் பல, தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையை அப்படியே கணிப்பொறிக்குக் கொண்டுவந்தவை. ரெமிங்டனில் பழகிய விரல், கணிப்பொறியிலும் தடுமாறாமல் ஓடியது. தட்டச்சிலிருந்து கணிப்பொறிக்கு மாறியதுதான் தமிழின் முதல் ‘அப்கிரேடு’ என்றால், அதில் பொருத்தம் பார்த்தது எந்த நிறுவனமும் இல்லை. இன்ஸ்டிட்யூட்டில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று கணக்கு வைத்து அடித்துப் பழகிய விரல்களே பார்த்துக்கொண்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாகத் ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகை வந்தது. நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட பலகை அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அரசு அலுவலகங்களில்கூடப் பழைய தட்டச்சு முறை லேசில் போகவில்லை. இதைப் பழைமைவாதம் என்று சிலர் எழுதினார்கள். பத்து வருடம் பழகிய விரலை மறக்கச் சொல்கிறவர்கள், மறுபடி பழகுகிற ஆறு மாதத்துக்குச் சம்பளம் தருவதாகச் சொல்லவில்லையே.

*

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவின் தந்திரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணிப்பொறிக்கு எழுத்து என்பது எண். ஓர் எழுத்துக்கு எட்டு பிட். மொத்தம் 256 இடம். அதில் முதல் 128 இடத்தை அமெரிக்கத் தரம் ஆங்கிலத்துக்கென்று எப்போதோ பட்டா போட்டுக்கொண்டது. எழுத்துரு செய்தவர்கள் அந்தப் பட்டாவை எதிர்த்து வழக்குப் போடவில்லை. வீட்டுக்குள் புகுந்து குடியிருந்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு உருவத்தை மட்டும் தமிழாக வரைந்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடிக்கிறீர்கள். திரையிலும் தாளிலும் தமிழ் என்றே தெரியும். ஃபைலுக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவைக் கழற்றிவிட்டால் ‘தமிழ்’ என்ற சொல் எந்த மொழியிலும் சேராத ஐந்து குறிகளாக நிற்கும். ‘அம்மா’ எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்.

கணிப்பொறியைப் பொறுத்தவரை நாங்கள் அன்று தமிழில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆங்கிலத்தில் பிதற்றிக்கொண்டிருந்தோம், அந்தப் பிதற்றலுக்குத் தமிழ் உடை போட்டிருந்தோம், அவ்வளவுதான். இந்த உடையும் கடைக்குக் கடை வேறு. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் ‘க’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘ஞ’ இருக்கும். எங்கள் கடையில் அடித்ததை ராசிபுரத்தில் இன்னொரு கடையில் திறக்க வேண்டுமென்றால் ஃப்ளாப்பியில் எழுத்துருவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது திருட்டு என்று நிறுவனங்கள் சொன்னன. தன் எழுத்தைத் தான் படிப்பது எப்படித் திருட்டாகும் என்று நாங்கள் சொன்னோம்.

இத்தனைக்கும் 1991-ல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருந்தது. இந்திய அரசின் இஸ்கி தரத்தை அடியொற்றி ஒதுக்கிய 128 இடங்கள் அவை. ஆனால் எங்கள் மேசைமேல் இருந்த விண்டோஸ் 98-க்கு அந்தச் சங்கதி தெரியாது. தமிழைத் தமிழாகவே அறிந்த முதல் விண்டோஸ் 2000-ஆம் ஆண்டில் வந்ததுதான். நடுவில் இருந்த ஒன்பது வருடம், மொழிக்குப் பட்டா இருந்தும் குடியேற முடியாத காலம். அந்த இடைவெளியில் இணையத் தமிழர்கள் தங்களுக்குள் மடல் எழுதி விவாதித்து ‘டிஸ்கி’ என்ற ஓர் அட்டவணையை உருவாக்கினார்கள். தமிழக அரசு 1999-ல் ‘டாம்’, ‘டாப்’ என்று வேறு இரண்டை அறிவித்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை முதலில் ஓர் எழுத்துருவில் வெளியிட்டு, பிறகு டிஸ்கிக்கு மாற்றி, பிறகு யூனிகோடுக்கு மாற்றி, ஒரே நூலை மூன்று முறை காப்பாற்ற வேண்டியிருந்தது. தன்னார்வலர்கள் செய்தார்கள். காசு வாங்கவில்லை.

*

இங்கே இன்னொரு சோதனையை ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. 1999 முழுக்க உலகம் ‘ஒய்-டூ-கே’ என்று அலறியது. வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழைய நிரல்கள், 2000-ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற பயம். வங்கிகளும் அரசுகளும் தங்களுடைய நிரல்களை வரிவரியாகச் சோதிக்கக் கோடிக்கணக்கில் செலவு செய்தன. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் அந்தச் சோதனை வேலையில்தான் வளர்ந்தன. அதாவது, பொருத்தம் பார்ப்பது என்பது கூலி உள்ள வேலைதான். மூலதனத்தின் கணக்குப் புத்தகம் கெட்டுப்போகும் என்றால் அதற்குக் கூலி உண்டு. நம்மூர் ஆவணங்கள் கெட்டுப்போகும் என்றால் கிடையாது.

எங்கள் கடையில் அந்த வேலை 2003-ல் வந்தது. பழைய பெட்டியில் இருந்த 98 அடிக்கடி நின்றுபோனது. சேலத்திலிருந்து ஒரு வியாபாரி வந்து எக்ஸ்பி போட்ட புதுப் பெட்டியைக் காட்டினார். ‘பழசெல்லாம் அப்படியே ஓடுமுங்களா?’ என்று கேட்டோம். ‘எல்லாம் கம்பேட்டிபிள்ங்க. ஒரு ஃபைல்கூடப் போகாது’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. அத்தனையும் வந்து சேர்ந்தன, படிக்கத்தான் முடியவில்லை.

நாங்கள் வாங்கியிருந்த தமிழ் மென்பொருளுக்குப் பூட்டு ஒன்று உண்டு. பிரிண்டர் சொருகும் துளையில் செருகி வைக்கும் சின்னப் பெட்டி. அது இருந்தால்தான் நிரல் ஓடும். 98-ல் நிரல் நேராகப் போய் அந்தத் துளையைத் தொட்டுப் பார்க்கலாம். எக்ஸ்பி அப்படித் தொட விடாது. நடுவில் அதற்கென்று ஒரு டிரைவர் வேண்டும். எங்களிடம் இருந்த பதிப்புக்குப் புது டிரைவர் வரவில்லை. புதுப் பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். புதுப் பதிப்பில் எழுத்துகள் உட்கார்ந்திருந்த இடங்களே மாறியிருந்தன. ஆகவே பழைய ஃபைலைப் புது எழுத்துருவில் திறந்தால் அதுவும் தமிழ்தான், ஆனால் யாரும் பேசாத தமிழ். எக்ஸ்பிக்குள் யூனிகோடு தமிழ் இருந்தது என்பதே எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். சிக்கலான எழுத்து முறைகளுக்கான வசதி என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்து, சி.டி.யைப் போட்டு ஏற்ற வேண்டும். சிக்கலானது! யாருக்கு?

வியாபாரி போன பிறகு ஆபரேட்டர் ஒரு காரியம் செய்தார். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு ஃபைலாக இரண்டிலும் திறந்து பார்த்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு கிழித்து, ஃபைல் பெயர், எந்த எழுத்துரு, எந்தப் பெட்டியில் தெரிகிறது, பிரிண்ட் எடுத்தாச்சா என்று எழுதிக்கொண்டே போனார். மூன்று நாள் ஆயிற்று. கடை வேலை நிற்கிறது என்று நாங்கள் முணுமுணுத்தோம். அந்த மூன்று நாளுக்குத் தனியாக எதுவும் கொடுக்கவில்லை. தொழிலாளர் உரிமை பற்றி அதே கடையில் துண்டுப் பிரசுரம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

‘பழைய பெட்டிய எடைக்குப் போட்டுடாதீங்கண்ணா. கிடந்துட்டுப் போவுது’ என்றார்.

அடுத்த வருடம் அவருக்குக் கல்யாணமாகிப் போனார். அதற்கடுத்த வருடம் பெட்டியை எடைக்குப் போட்டோம்.

பின்னாளில் மைக்ரோசாஃப்ட்டே இந்த வேலைக்கென்று நிரல் வெளியிட்டது. விண்டோஸ் 7-க்கு மாறுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கச் சொன்ன ‘அப்கிரேடு அட்வைசர்’ அப்படி ஒன்று. வன்பொருளைப் பார்க்கும், பிரிண்டரைப் பார்க்கும், தெரிந்த நிரல்களின் பெயரைப் பார்க்கும். ஆயிரம் பக்கம் பாமினித் தமிழ் அந்தக் கணிப்பொறியில் இருந்தாலும் அதன் கண்ணுக்கு அது பழுதில்லாத ஆங்கிலம். எச்சரிக்கை எதுவும் வராது. நான் சொல்ல வருவது இதுதான். எழுத்து அந்த எண்களுக்குள் இல்லாதபோது, அது கெட்டதா இல்லையா என்று சொல்ல நிரலால் ஆகாது. படிக்கத் தெரிந்த ஓர் ஆள் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். தமிழில் பொருத்தம் பார்ப்பது கடைசிவரை வாசிப்பு சார்ந்த வேலையாகவே இருந்தது. அதை வேலை என்றே யாரும் எண்ணவில்லை.

*

1994-ல் லண்டனில் ஆற்றிய உரையில் தெரிதா ஆவணக் காப்பகத்தைப் பற்றி ஒன்று சொன்னார். ஆவணப்படுத்துகிற தொழில்நுட்பம், ஏற்கெனவே இருக்கிற ஒன்றைச் சும்மா பத்திரப்படுத்துவதில்லை. எது ஆவணமாகலாம் என்பதையே அது தீர்மானிக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். மின்னஞ்சலைப் பற்றியும் அதே உரையில் பேசினார். சரிதான். ஆனால் தெரிதாவின் காப்பகத்தில் காவலர் உண்டு, அதிகாரம் உண்டு, மரண வேட்கை உண்டு, ஆபரேட்டர் இல்லை. மலையடிவாரத்தில் இருந்து பார்க்கும்போது இந்த விடுபடல் பெரிதாகத் தெரிகிறது. ஏனென்று சொல்கிறேன்.

1999-ல் கொல்லிமலையில் ஒரு சிற்றூருக்கு நண்பர்கள் போய் வந்தார்கள். மலையில் ஊராட்சிகளை ‘நாடு’ என்பார்கள்; வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று. எந்த நாடு என்பதும் ஊர்ப்பெயரும் இங்கே வேண்டாம். வனத்துறை தன்னுடையது என்று சொல்லும் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக ராகியும் சாமையும் போட்டுவரும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் அறுபதுக்கு மேல். யார், எந்த இடத்தில், எவ்வளவு, பட்டா உண்டா, இல்லையா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வந்ததை எங்கள் கடையில் பட்டியலாக அடித்தோம். பிரிண்ட் எடுத்து மனுவோடு கொடுத்தோம். மனுவுக்கு என்ன ஆயிற்று என்பது வேறு கதை. 2001-ல், ஐரோப்பாவில் இருந்த ஒரு தோழர் பட்டியலைக் கேட்டார். அவருக்கு எங்கள் எழுத்துரு இல்லை. ஆகவே நான் அதை டிஸ்கிக்கு மாற்றி மின்னஞ்சலில் அனுப்பினேன்.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த வனநிலம் தன் அனுபவத்தில் இருந்தது என்று பழங்குடிக் குடும்பம் காட்ட வேண்டும். அரசுக் கடிதம், ரசீது போன்றவற்றோடு, மனுதாரர் அல்லாத பெரியவர்களின் எழுத்துமூலமான வாக்குமூலத்தையும் விதிகள் சான்றாக ஏற்கின்றன. தமிழ்நாட்டில் 2008-லேயே உயர்நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒன்றால் உரிமைப் பட்டா வழங்குவது தடைப்பட்டது. உச்சநீதிமன்றம் 2016-ல் தலையிட்ட பிறகுதான் வழி திறந்தது. அப்போதுதான் ஒரு வழக்கறிஞர் நண்பர் கேட்டார்: ‘தொண்ணூத்தொம்பதுல ஒரு லிஸ்ட் எடுத்தீங்களே, அது இருக்கா?’

இருந்தது. பிரிண்டைக் கரையான் தின்றிருந்தது. ஃப்ளாப்பியில் பாதி படித்தது, பாதி படிக்கவில்லை. படித்த பாதி, உடை கழன்ற ஆங்கிலம். மீதிப் பாதிக்கு 2001-ல் அனுப்பிய மின்னஞ்சல் பிரதி. அதைத் தோழர் பத்திரமாக வைத்திருந்து அனுப்பினார். இந்த இடைக்காலத்தில் மாற்றி நிரல்கள் வந்திருந்தன. புலம்பெயர்ந்த ஈழத்தவரான சுரதா யாழ்வாணனின் ‘பொங்கு தமிழ்’, நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். மாற்றி. எத்தனை பேருடைய எழுத்தை இவை மீட்டுக் கொடுத்தன என்பதற்கு யாரும் கணக்கு எழுதவில்லை. மின்னஞ்சல் பாதியை அப்படி மாற்றிப் பார்த்தோம். தமிழ் வந்தது. ஒரு எழுத்து மட்டும் வரவில்லை. ‘இ’.

டிஸ்கி அட்டவணையில் ‘இ’ உட்கார்ந்திருந்த இடம் 173. மேற்கத்திய அட்டவணையில் அந்த எண் ஒரு மென்கோடு: சொல் வரிக்கடைசியில் உடையும்போது மட்டும் தெரியும், மற்ற நேரத்தில் கண்ணில் படாது. சில நிரல்கள் 173-ஐப் பார்த்ததும் அதை மென்கோடென்றே நினைத்து விழுங்கின. பிற்பாடு டிஸ்கியில் ‘இ’-க்கு இன்னொரு இடமும் ஒதுக்க நேர்ந்தது. எங்கள் பட்டியலோ அதற்கு முன்பே விழுங்கப்பட்டுவிட்டது. ‘பட்டா உண்டா?’ என்ற கட்டத்துக்குக் கீழே வரிசையாக ‘ல்லை, ல்லை, ல்லை’ என்று இருந்தது. அந்தக் குடும்பங்களுக்கு ‘இல்லை’ என்று சொல்லக்கூட முழு எழுத்து இல்லாமல் போயிற்று என்று அப்போது ஒரு நண்பர் சொன்னார். கவிதையாகச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அனுப்பியவன் நான்.

ஆபரேட்டரைத் தேடிப் போனோம். ராசிபுரத்தில் இருந்தார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளோடு. ஃப்ளாப்பியில் படித்த பாதியை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தோம். எங்கள் பழைய எழுத்துருவின் அட்டவணை எந்த மாற்றியிலும் சரியாகப் பொருந்தவில்லை. அந்த ஆங்கிலக் குப்பையை அவர் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசைமேல் இரண்டு கையையும் விசைப்பலகையில் வைப்பதுபோல் வைத்து, விரலை அசைத்து, ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் எந்த விரல் எங்கே போகும் என்று பார்த்துப் பார்த்துத் தமிழில் வாசிக்க ஆரம்பித்தார். நாங்கள் எழுதிக்கொண்டோம். இரண்டு மணி நேரம். சேலத்து வியாபாரியின் ‘கம்பேட்டிபிள்’, அட்வைசர், மாற்றி எல்லாம் கைவிட்ட இடத்தில், பன்னிரண்டு வருடம் கழித்தும் பொருந்தி நின்றது அந்த விரல்தான்.

*

இதற்கிடையே அரசு என்ன செய்தது என்றும் பார்க்கலாம். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடும் அதோடு டேஸ்-16 என்ற குறியீடும் தமிழக அரசின் தரங்களாயின. யூனிகோடு தமிழுக்குத் துரோகம் செய்தது, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தராமல் 128 இடத்தில் அடைத்தது என்ற வாதம் அன்று வலுவாக இருந்தது. டேஸ்-16 அந்த வாதத்தின் விளைவு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஃப்ளாப்பிப் பாதியை விரலால் படித்தவர்களோடு உட்கார்ந்திருந்த எனக்கு, அழகான அட்டவணையைவிட அசையாத அட்டவணை பெரிது. யூனிகோடு 1996-ல் தன் இரண்டாம் பதிப்பில் கொரிய எழுத்துகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தியது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு, ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை இனி நகர்த்துவதில்லை என்று உறுதி கொடுத்தது. ஏழைக்கு இந்த உறுதி ரொம்ப முக்கியம். வசதியுள்ளவன் வருடா வருடம் வீடு மாறுவான்.

அரசாணை போட்டதோடு அச்சகம் மாறிவிடவில்லை. தமிழ்ப் பத்திரிகைகள் பலவும் அன்று பேஜ்மேக்கரில்தான் பக்கம் கட்டின. அதன் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. 2004-ல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்தியது. அதற்கு யூனிகோடு தெரியாது. ஆகவே எழுத்தாளர் யூனிகோடில் அனுப்புவார், கடையில் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டுவார்கள், மாற்றும்போது விழுந்த பிழைக்கு எழுத்தாளர் ஆபரேட்டரைத் திட்டுவார். 2010-க்குப் பிறகும் வருடக்கணக்கில் இதுதான் நடைமுறை. நம்முடைய பழைய இதழ்களின் மென்பிரதிகள் இன்று எந்த எழுத்துருவில் தூங்குகின்றன என்று ஆசிரியர்கள் யாராவது பார்த்திருக்கிறார்களா?

2007-ல் எல்காட் தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் மாணவர்களுக்குத் தந்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. கொள்கையளவில் நான் இதை ஆதரிக்கிறேன். ஒரு நிறுவனம் தேதி குறித்தால் ஒரு மாநிலமே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அடிமைத்தனம். ஆனால் விடுதலைக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் அல்லவா? அலுவலகத்துத் தட்டச்சரின் பழைய கடிதங்கள், அவருடைய எழுத்துரு, அவருடைய பிரிண்டர் எல்லாம் லினக்ஸில் ஓடுமா என்று யார் உட்கார்ந்து பார்ப்பது, எத்தனை நாள், யார் செலவில்? ஆணை பிறப்பிக்கிறவர்கள் இந்தக் கேள்வியை எப்போதும் கீழே அனுப்பிவிடுகிறார்கள்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் முடிவு வந்தது. விண்டோஸ் 11 இன்னும் ஒரு படி மேல், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில் இல்லாத, ஓரளவு பழைய பிராசசர் உள்ள பெட்டிகளை அது முறைப்படி ஏற்காது. அது 64 பிட்டில் மட்டும் வருவதால், 90-களின் 16 பிட் நிரல்கள் அதில் நேரடியாக ஓடாது. சேந்தமங்கலத்தில் எங்கள் கடை இப்போது இல்லை. அதே வரிசையில் வேறொரு தம்பி ஆன்லைன் மையம் வைத்திருக்கிறார். போன மாதம் புதுப் பெட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். பழையதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். ‘எடைக்குத்தானுங்க’ என்றார். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதுவாரா தெரியாது.

*

பட்டியலுக்குத் திரும்புகிறேன். இரண்டு பாதிகளையும் ஒட்டி, மறைந்த ‘இ’-க்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தபோது ஓர் எண்ணிக்கை குறைந்தது. 1999 மனுவில் எழுதிய மொத்தத்தைவிட ஒன்று கம்மி. நான்தான் குறைத்திருந்தேன். மின்னஞ்சல் பாதியில் ஒரே பெயர் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது, ஒரே வீடு. தெரியாமல் இரண்டு தரம் அடித்திருக்கிறார்கள் என்று ஒன்றை எடுத்துவிட்டேன். இதைத் தொலைபேசியில் ஆபரேட்டரிடம் சொன்னபோது அவர் உடனே நிறுத்தினார்.

‘அது ரெண்டு பேருங்கண்ணா. மாமியாளும் மருமவளும். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. ர-வுல ஆரம்பிக்கற பேரு. குழப்பமாயிடக் கூடாதுன்னு மாமியாளுக்கு முன்னால இ போட்டேன், மருமவளுக்கு இ இல்லாம அடிச்சேன். காடும் வேற வேறங்க.’

ர-வில் தொடங்கும் பெயருக்கு முன் இ சேர்ப்பது பழைய இலக்கண வழக்கு. அதைக் கொண்டு அவர் இரண்டு பெண்களைப் பிரித்து வைத்திருந்தார். 173-ஆம் எண் அந்த வித்தியாசத்தை விழுங்கியது. மிச்சத்தை நான் முடித்து வைத்தேன். மாமியார் அதற்குள் இறந்துபோயிருந்தார். பேரன் அந்தக் காட்டில் இன்னும் விதைக்கிறான். மலைக்குப் போய், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் அந்தக் காடு யாருடைய அனுபவத்தில் இருந்தது என்று வாக்குமூலம் எழுதி வாங்கினோம். ஆபரேட்டரும் கூட வந்தார். திருத்திய பட்டியலை அவரே யூனிகோடில் அடித்தார், தட்டச்சு முறை விசைப்பலகையில்தான். கடைசியில் ‘தட்டச்சு செய்தவர்’ என்று தன் பெயரைப் போடலாமா என்று கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இடது ஓரத்தில், பஞ்ச் பண்ணும் இடத்தை விட்டுத் தள்ளி, பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.